ஒரு நிமிடம், முழுசாக

மின்விசிறி மூன்றில்தான் ஓடும்.
நான்கில் வைத்தால் என் தலைக்குமேல் ஆடுகிறது.
எர்ணாவூர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்,
திங்கட்கிழமை, டோக்கன் நாற்பத்தேழு.

இதற்குமுன் ஒரு நான்காம் வகுப்பு.
வவுத்து வலி.
எங்கே என்றால் தொப்புளைச் சுற்றி விரலால் வட்டம் போடுகிறான்.
ஞாயிற்றுக்கிழமை வலிக்குமா? யோசிக்கிறான். வலிக்காது.
புதுசாகக் கணக்கு சார் வந்திருக்கிறாராம்.
அழுத்திப் பார்த்தேன், மிருதுவான வயிறு,
எடையும் குறையவில்லை.
மருந்து எழுதாமல் அனுப்பினேன்.
அவன் அம்மா என் படிப்பைச் சந்தேகித்தபடி போனாள்.

இப்போது அமுலு. மடியில் யுவனேஷ்,
ஒன்றே முக்கால் வயது.
"ஜல்பு புடிச்சிகினு மூணு நாளு டாக்டர்.
ராவெல்லாம் கரகரன்னு இஸ்துகினே கெடந்தான்.
ஒரு ஊசி போட்டு வுடுங்க.
காசிமேட்டுக்கு எறா உரிக்கப் போவணும்,
லேட்டானா கூடை குடுக்க மாட்டான்."
முந்தானை முடிச்சில் ஒரு பாட்டில்,
மூத்தவளுக்குப் போன மழையில் வாங்கிய சிரப்பின் மிச்சம்.
அதை வாங்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

சட்டையைத் தூக்கிப் பிடி.
அழ விடாதே. ஆட்டாதே.

என்னிடம் இருக்கும் கருவி
எம்.சி. ரோட்டில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிய கடிகாரம்,
செகண்டு முள் இருப்பதற்காகவே வாங்கியது.
வயிறு ஏறினால் ஒன்று.
இறங்கி ஏறினால் இரண்டு.
பதினேழில் இருமினான்.
முதலிலிருந்து.

வெளியே வரிசை பார்க்கிறது:
"இன்னாம்மே, டாக்டரு கடியாரத்தயே பாத்துகினு கீறாங்க?"
உண்மைதான்.
இந்த வேலை செய்யும்போது
வேலை செய்யாதவள்போலத்தான் தெரிவேன்.

முப்பத்தொன்பது.
நாற்பது என்றால் மாத்திரை,
முப்பத்தொன்பது என்றால் வெதுவெதுப்பாய்க் கஞ்சியும் காத்திருத்தலும்.
இடையில் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்ததே,
அப்போது ஒரு மூச்சை விட்டுவிட்டேனா?

மறுபடி என்றேன்.
வரிசை முனகியது.
அமுலு முனகவில்லை. குனிந்து கேட்டாள்:
"இன்னாத்த எண்றீங்க?"
சொன்னேன்.
"அட, அத்த நான் எண்றேன். எறா எண்ற கண்ணு இது."

எண்ணினோம்.
அவள் உதட்டால், நான் மனதால்.
மூடிய ஜன்னல் வழியாக
மணலிப் பக்கத்துக் காற்றின் வாசனை வந்தது,
அதையும் அவன் உள்ளே இழுத்தான், வெளியே விட்டான்.
முள் பன்னிரண்டைத் தொட்டதும்
இருவரும் ஒரே சமயத்தில்
நாற்பத்திமூன்று.

அவள் முகம் மாறியது.
"எங்க கம்பெனில கிலோவுக்கு நாப்பத்திமூணு நின்னா
எறா சிறுசுன்னு அர்த்தம் டாக்டர்.
எண்ணிக்க ஏறினா வெல எறங்கிப்பூடும்.
இங்கயும் அப்பிடியா?"

இங்கேயும் ஏறக்கூடாது என்றேன்.
விலாவுக்குக் கீழே குழி விழவில்லை,
பால் குடிக்கிறான், என் பேனாவைப் பிடுங்குகிறான்,
அதனால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.
ஊசி இல்லை.
தண்ணீரில் கரையும் மாத்திரை, இரண்டு வேளை, ஐந்து நாள்,
நடுவில் நிறுத்தாதே, நல்லாயிட்டான் என்று தோன்றினாலும்.
நெஞ்சு உள்வாங்கினாலோ
குடிக்காமல் துவண்டாலோ
விடியட்டும் என்று உட்காராதே,
ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்குப் போ.
புதன்கிழமை இங்கே வா.

பாட்டிலைத் திருப்பிக் கேட்டாள்.
தரவில்லை.
கூடை போயே போச்சு இன்னிக்கு, என்றாள்,
என்னிடம் இல்லை, படிக்கட்டிடம்.

புதன். டோக்கன் பன்னிரண்டு.
உட்காரும்முன்பே சொன்னாள்:
"முப்பத்திரெண்டு.
தூங்கசொல்லோ ரெண்டு தபா எண்ணேன்,
போன்ல நிமிசம் வச்சிகினு."

நம்பினேன்.
நம்பிக்கொண்டே
அவன் சட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி
முள்ளைப் பார்க்க ஆரம்பித்தேன்.